டப்பா கொண்டு வந்தீங்களா? பேர் தெரியாத பவுடரும் திருவானைக்காவல்காரரும்

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. நைட் டூட்டி முடிச்சு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து, குளிச்சிட்டு உட்கார்ந்து எழுதுறேன். நிதானமா படிங்க. வீட்ல காலேஜ் போற பிள்ளைங்க இருந்தா கட்டாயம் படிங்க.

விஷம் சாப்பிட்டவங்களைத் தூக்கிட்டு கேஷுவாலிட்டிக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட நாங்க கேட்கிற முதல் கேள்வி, "டப்பா கொண்டு வந்தீங்களா?"

டப்பா, பாட்டில், தழை, கொட்டை, எதுவானாலும் சரி. அரளிக்கொட்டைன்னா இதயத் துடிப்பு குறையும், இசிஜி மெஷின் பக்கத்துலயே இருக்கணும். ஓடுவந்தழைன்னா பொட்டாசியம் இறங்கும். எலி பேஸ்ட்டுன்னா முதல் ரெண்டு நாள் ஆள் நல்லாவே பேசிட்டு இருப்பார், அதுக்கப்புறம்தான் கல்லீரல் போகும். அதனால "சரியாயிட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு சொல்ற அம்மாகிட்ட கெஞ்சி நிறுத்தி வைக்கணும். பேர் தெரிஞ்சா நாளைக்கு என்ன வரும்னு தெரியும். விஷ வைத்தியத்துல பாதி அதுதான்.

சில வருஷம் முன்னாடி, நான் அப்போ வேலை பார்த்த மருத்துவமனைக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும். உடம்பு நெருப்பா கொதிக்குது, 105 டிகிரி. நாடி 160. தாடை இறுகிக் கிடக்கு, கண் பாப்பா விரிஞ்சிருக்கு. நாலு பேர் பிடிச்சும் படுக்கையில நிக்கல. கூட வந்த பசங்கள்ல ஒருத்தன் மட்டும் ஓடாம நின்னான். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பாக்கெட்ல இருந்து ஒரு சின்ன ஜிப் கவரை எடுத்துக் காட்டினான். உள்ள மூலையில கொஞ்சூண்டு வெள்ளைத் தூள். மேல எந்த எழுத்தும் இல்ல.

"இது என்னப்பா?"

"பார்ட்டி பவுடர்னு சொன்னாங்க சார்."

சிறுநீர்ல போதை மருந்து பார்க்கிற கிட்டை வெளிக்கடையில வாங்கிட்டு வரச் சொல்லிப் பார்த்தோம். எல்லாமே நெகட்டிவ்.

அந்த கிட் ஏன் கையை விரிச்சதுன்னு சொல்லிடறேன், மீதிக் கதைக்கு அது வேணும். கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற பெரியப்பா மாதிரிதான் அது. தெரிஞ்ச முகம்னா "வா வா"ம்பார். தெரியாத முகத்தைக் கண்டுக்கவே மாட்டார். கிட்ல இருக்கிற எதிர்பொருள் மார்ஃபின், ஆம்ஃபெட்டமைன், கஞ்சா மாதிரி சில மூலக்கூறுகளோட வடிவத்தை மட்டும் அடையாளம் காணப் பழகினது. அதே குடும்பத்துப் பையன் மீசையை எடுத்துட்டு, தலைமுடிக்குக் கலர் அடிச்சிட்டு வந்தா பெரியப்பா திணறுவார் இல்லையா? டிசைனர் டிரக்னு சொல்றது அதைத்தான். ஆம்ஃபெட்டமைன் மாதிரி ஒரு மூலக்கூறுல ஒரு கையை நீட்டி, ஒரு விரலை மடக்கி விடறது. மூளைக்கு ஏறுற போதை ஏறக்குறைய அதேதான், கிட்டுக்கு மட்டும் அந்நியன். டிரமடால், ஃபென்டனைல்கூட சாதாரண ஓபியேட் கிட்ல தெரியாது. "டெஸ்ட் நெகட்டிவ், என் பையன் எதுவும் எடுக்கல"னு நிம்மதியா போற பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்கணும்.

விஷம் முன்னால ஓட, சோதனை பின்னால துரத்துற கதை ரொம்பப் பழசு.

1832-ல இங்கிலாந்துல ஒரு பேரன் தாத்தாவுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்னுட்டதா வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ்னு ஒரு வேதியியலாளர் ஆர்சனிக்கைக் கண்டுபிடிச்சு மஞ்சள் படிவா எடுத்து வச்சார். ஜூரி முன்னால காட்டும்போது அது கெட்டுப்போயிருந்தது. பேரன் விடுதலை. அந்தக் கடுப்புல அவர் உருவாக்கி 1836-ல வெளியிட்டதுதான் மார்ஷ் டெஸ்ட். சரி, ஆர்சனிக் மாட்டிக்கிச்சு. தாவர விஷத்தை என்ன பண்றது? உடம்புக்குள்ள போனா அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாதுன்னு பெரிய பெரிய ஆட்களே நம்பினாங்க. 1850-ல பெல்ஜியத்துல ஒரு பிரபு மச்சானுக்கு நிகோட்டின் கொடுத்துக் கொன்னார். ஜான் ஸ்டாஸ்ங்கிற வேதியியலாளர் பிணத்தோட உள்ளுறுப்புகள்ல இருந்து அந்த நிகோட்டினைப் பிரிச்சே காட்டினார். எங்க எம்பிபிஎஸ் தடயவியல் மருத்துவப் புத்தகத்துல ஸ்டாஸ்-ஆட்டோ முறைன்னு நாங்க மனப்பாடம் பண்ணினது அதுதான். பரீட்சைக்கு எழுதும்போது அதுக்குப் பின்னால ஒரு மச்சானோட பிணம் இருக்குன்னு யாரும் சொல்லித்தரல.

நம்ம ஊர் இதுல பின்தங்கி இருக்கல. 1849-லயே சென்னை மாகாணத்துல கெமிக்கல் எக்ஸாமினர் ஆய்வகம் வந்தாச்சு, இந்தியாவிலேயே முதல்ல. கல்கத்தா 1853, ஆக்ரா 1864, பம்பாய் 1870, எல்லாம் அதுக்கப்புறம்தான். அங்க வந்து குவிஞ்சது ஆர்சனிக், ஊமத்தை, அபின். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாட்டுல ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து மயங்க வச்சுக் கொள்ளையடிக்கிறது அன்னைக்கு ஒரு தொழிலாவே நடந்தது.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. அந்த ஆய்வகம் சுகாதாரத் துறையோட குடையில இருந்தது. கெமிக்கல் எக்ஸாமினர்களும் பெரும்பாலும் டாக்டர்கள்தான், மருத்துவக் கல்லூரியில வேதியியல் பாடம் எடுத்தவங்க. விஷத்துக்குப் பேர் வைக்கிறவரும் நோயாளியைப் பார்க்கிறவரும் ஒரே கூட்டம். இன்னைக்கு அந்த மரபோட வாரிசா இருக்கிற தமிழ்நாடு தடய அறிவியல் துறை உள்துறைக்குக் கீழ வருது. திருச்சியிலயும் அதுக்கு வட்டார ஆய்வகம் இருக்கு. நிர்வாக ரீதியா அது சரியான ஏற்பாடாவே இருக்கலாம், நான் குறை சொல்லல. இடையில ஒரு கதவு மூடிக்கிச்சுன்னு மட்டும் சொல்றேன்.

போலீஸ் பவுடரைப் பிடிச்சதும் முதல்ல நிறச் சோதனை. 1896-ல மார்க்விஸ்ங்கிறவர் சொன்ன கரைசல், அடர் கந்தக அமிலமும் ஃபார்மலினும் சேர்ந்தது. ஒரு சொட்டு விட்டா ஹெராயினுக்கு ஊதா, ஆம்ஃபெட்டமைனுக்கு ஆரஞ்சு. நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் உலகம் பூரா புழக்கத்துல இருக்கு. ஆனா ஆஸ்பிரினும் இதுல சிவக்கும், சர்க்கரையும் கறுக்கும். கேட்டமைனுக்கு நிறமே மாறாது. அதனால நிறத்தை வச்சு சந்தேகப்படலாம், தண்டிக்க முடியாது.

தண்டனைக்கு வேணும்னா ஜிசி-எம்எஸ். தூளை ஆவியாக்கி, மெல்லிய நீளக் குழாய்க்குள்ள ஓடவிட்டு, கலவையில இருக்கிறதைத் தனித்தனியா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் எலக்ட்ரானால அடிச்சு உடைப்பாங்க. பானை உடைஞ்சா ஒவ்வொரு பானையும் ஒவ்வொரு மாதிரி சில்லாகுமே, அப்படி மூலக்கூறும் தனக்கே உரிய சில்லுகளா உடையும். அந்தச் சில்லுகளை நூலகத்துல இருக்கிற பழைய உடைசல்களோட ஒப்பிடணும். ஒத்துப்போனா பேர் கிடைக்கும்.

நூலகத்துல இல்லாத பானைன்னா? மெஷின் "கிட்டத்தட்ட இது மாதிரி"ன்னு ஒரு பேரைச் சொல்லும். அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுத முடியாது. சுத்தமான மாதிரி கையில இருக்கணும், அதையும் ஓட்டி ஒப்பிடணும். இன்னொரு தொல்லை, ஒரே அணு பென்சீன் வளையத்துல ரெண்டாவது இடத்துல ஒட்டினாலும், மூணாவது, நாலாவது இடத்துல ஒட்டினாலும் சில்லுகள் ஏறக்குறைய ஒண்ணுபோலவே இருக்கும். ஆனா சட்டத்துல ஒண்ணு குத்தம், இன்னொண்ணு பட்டியல்லயே இல்லாம இருக்கலாம்.

இங்கதான் நம்ம திருவானைக்காவல்காரர் வர்றார்.

1888 நவம்பர் 7, திருவானைக்காவல்ல அம்மா வழித் தாத்தா வீட்ல பிறந்தார் சி.வி. ராமன். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துல கல்லூரி வேலை கிடைக்க, 1892-ல குடும்பம் கிளம்பிடுச்சு. அதனால ஜம்புகேஸ்வரர் கோயில் யானையைப் பார்த்துதான் இயற்பியல் வந்ததுன்னு நாம கதை விட முடியாது. 1921-ல கப்பல்ல வரும்போது மத்தியத் தரைக்கடலோட நீலத்தைப் பார்த்து ஏன்னு யோசிச்சார். ஏழு வருஷம் கழிச்சு 1928 பிப்ரவரி 28 அன்னைக்கு கல்கத்தாவுல கே.எஸ். கிருஷ்ணனோட சேர்ந்து பதிலைப் பிடிச்சார். ஒரு பொருள் மேல ஒரே நிற ஒளியை அடிச்சா, சிதறி வர்றதுல கிட்டத்தட்ட எல்லாமே அதே நிறத்துல திரும்பும். ஒரு கோடியில ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு மிகச் சொற்பமான ஒளி மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுதுங்கிறது மூலக்கூறுக்குள்ள எந்தக் கட்டு எப்படி அதிருதுங்கிறதைப் பொறுத்தது. அதாவது அது அந்தப் பொருளோட கைரேகை. 1930-ல நோபல்.

லேசர் வந்து, டிடெக்டர் சின்னதாகி, இன்னைக்கு அந்த விளைவு கையில பிடிக்கிற ஒரு கருவியா உலகத்துல பல சுங்கச் சாவடிகள்லயும் விமான நிலையங்கள்லயும் இருக்கு. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே வேண்டாம், மேல வச்சு அழுத்தினா கொஞ்ச நேரத்துல பேர் வரும். மாதிரி வீணாகாது, அதிகாரி மூக்குலயும் தூள் ஏறாது. ஜிசி-எம்எஸ் திணறுற அந்த ரெண்டாவது இடம், மூணாவது இடம், நாலாவது இடம் சமாச்சாரத்தையும் இது பிரிச்சுச் சொல்லும், ஏன்னா அணு இடம் மாறினா அதிர்வு மாறும். ஸ்ரீரங்கம் தீவுல பிறந்த மனுஷன் கண்ட ஒளி இன்னைக்குப் பொட்டலத்தைத் துளைச்சுப் பார்க்குதுன்னு ஒரு சின்னப் பெருமை எனக்கு உண்டு. மறைப்பானேன்?

பெருமைக்கு எல்லையும் உண்டு. பழுப்பு ஹெராயின், சாயம் போட்ட மாத்திரையில லேசர் பட்டா பொருளே ஒளிர ஆரம்பிச்சு கைரேகையை அழிச்சிடும். எல்.எஸ்.டி ஒட்டுத் தாள்ல மருந்து மைக்ரோகிராம் கணக்கு, கருவிக்குக் காகிதம்தான் தெரியும். எல்லாத்துக்கும் மேல, இதுக்கும் ஒரு நூலகம் வேணும். நூலகத்துல இல்லாத கைரேகையை ராமனே எழுந்து வந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது.

"புதுசு புதுசா எவன் கண்டுபிடிக்கிறான்?"னு கேட்பீங்க. பலதும் புதுசே இல்ல. மெஃபெட்ரோன் 1929-லயே ஒரு ஆய்விதழ்ல வந்தாச்சு. எழுபது வருஷத்துக்கு மேல அலமாரியில தூங்கி, அப்புறம் மியாவ் மியாவ்னு ஐரோப்பாவுல வித்துச்சு. நைட்டசீன்னு இப்ப மேற்கு நாடுகள்ல ஆளைக் கொல்ற மருந்து, 1950-கள்ல ஒரு ஸ்விஸ் கம்பெனி வலிக்குன்னு செஞ்சு பார்த்துக் கைவிட்டது. 2008-ல ஐரோப்பாவுல வாசனைப் பத்தின்னு சொல்லி ஸ்பைஸ்னு ஒரு தழைப் பொட்டலம் வித்தாங்க. சோதிச்சா கஞ்சாவே இல்ல, ஆனா குடிச்சவன் கிறங்கிப் போறான். அந்த வருஷம் டிசம்பர்ல ஜெர்மன் ஆய்வகம் ஒண்ணு உள்ள இருக்கிறது ஜேடபிள்யூஎச்-018னு பிடிச்சது. ஜான் ஹஃப்மேன்கிற அமெரிக்கப் பேராசிரியர் மூளை ஏற்பிகளைப் புரிஞ்சுக்கிறதுக்காகச் செஞ்ச மூலக்கூறு அது. அந்த மூணு எழுத்தும் அவரோட பேர்தான், பாவம். ஐநா போதைப்பொருள் அலுவலகத்தோட கணக்குல இந்தப் புதுப் பொருட்கள் 1,200-ஐத் தாண்டியாச்சு.

இந்தியாவுல 1985 நவம்பர் 14 முதல் என்.டி.பி.எஸ் சட்டம். இது பட்டியல் போட்டுப் பிடிக்கிற சட்டம். பட்டியல்ல பேர் இருந்தா கடுமையான தண்டனை, இல்லேன்னா இந்தச் சட்டம் தொடாது. நாங்க ஆபரேஷன் தியேட்டர்ல தினமும் போடற கேட்டமைன் 2011-லதான் பட்டியலுக்கு வந்தது. மெஃபெட்ரோனை இங்கிலாந்து 2010 ஏப்ரல்ல தடை பண்ணிச்சு, நாம 2015 பிப்ரவரியில. டிரமடால் 2018-ல. இப்ப 50 கிராமுக்கு மேல மெஃபெட்ரோன் இருந்தா பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. 2015 ஜனவரியில அதே பொட்டலத்தை வச்சிருந்தவன் மேல இந்தச் சட்டத்துல கைவைக்க முடியாது. அதனால ஆய்வகத்துல ஒருத்தர் எழுதுற ஒரே ஒரு பேர்ல ஒரு மனுஷனோட பத்து வருஷம் தொங்குது. அவங்க அவசரப்படாம எழுதுறதை நான் மதிக்கிறேன்.

ஆனா பேர் தெரிய வேண்டியது நீதிபதிக்கு மட்டும்தானா?

1982, கலிஃபோர்னியா, சான் ஹோசே. நாற்பதைத் தொட்டவர் ஒருத்தர் சிலை மாதிரி உறைஞ்சுபோய் மருத்துவமனைக்கு வந்தார். கண் சிமிட்டல் இல்ல, பேச்சு இல்ல. மனநோய்னு முதல்ல நினைச்சாங்க. வில்லியம் லாங்ஸ்டன்கிற நரம்பியல் டாக்டர் பார்த்துட்டு பார்க்கின்சன் மாதிரி இருக்கேன்னார். ஒரே ராத்திரியில பார்க்கின்சன் எப்படி வரும்? அவரோட காதலிக்கும் அதே நிலை. பக்கத்து ஊர்ல வேற ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு சகோதரர்கள் அதே மாதிரி வந்திருக்காங்கன்னு பேச்சுவாக்கில தெரிய வந்தது. எல்லாருமே புது ஹெராயின்னு ஒண்ணை ஊசி போட்டவங்க.

லாங்ஸ்டன் ரெண்டு வேலை செஞ்சார். டிவியில வந்து "அந்தப் பொருளைத் தொடாதீங்க"ன்னு ஊருக்குச் சொன்னார். அந்தத் தூளை வாங்கி ஆய்வகங்களுக்குக் கொடுத்தார். அலசினவங்கள்ல ஒருத்தருக்கு முன்னாடி படிச்ச ஒரு கட்டுரை ஞாபகம் வந்தது. 1976-ல மேரிலாண்ட் மாநிலத்துல ஒரு மாணவர் பெத்திடின் மாதிரி ஒண்ணை வீட்லயே செஞ்சு, அவசரத்துல ஒரு படியைத் தாவி, இதே மாதிரி உறைஞ்சுபோன கதை. தூளுக்குள்ள இருந்தது எம்.பி.டி.பி. மூளையில டோபமின் சுரக்கிற செல்களைத் தேடித் தேடிக் கொல்ற பொருள். 1983-ல ஆய்வுக்கட்டுரை வந்தது. பார்க்கின்சன் ஆராய்ச்சியே அதுக்கப்புறம் திசை மாறிச்சு. டாக்டரும் ஆய்வகமும் நேருக்கு நேர் பேசினதால நடந்தது இது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997-லயே இதுக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடு செஞ்சிடுச்சு. ஒரு நாட்டு ஆய்வகத்துல புதுப் பொருள் மாட்டினா மத்த நாடுகளுக்குத் தகவல் போகும். ஐநாவும் 2013-ல அப்படி ஒண்ணைத் தொடங்கிச்சு.

நம்ம ஊர் வழி என்னன்னு பார்க்கலாம். 2022 டிசம்பர்ல வந்த புது விதிகள்படி, பிடிச்ச பொருள்ல மாஜிஸ்திரேட் முன்னால மாதிரி எடுக்கணும். ரெண்டு மாதிரி, பொதுவா 5 கிராம் வீதம், கஞ்சா, அபின்னா 24 கிராம். ஆய்வகம் 15 நாளுக்குள்ள அறிக்கை கொடுக்கணும். அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், நகல் விசாரணை அதிகாரிக்குப் போகும். நல்ல, இறுக்கமான விதி. அந்த வழியில மருத்துவமனைங்கிற சொல் இல்ல.

மறுபடி அந்தப் பையன்கிட்ட வர்றேன். ஐஸ் பேக், லோரஸெபாம், பாட்டில் பாட்டிலா சலைன். சிறுநீர் கோலா நிறத்துல வந்தது, தசை கரையுதுன்னு அர்த்தம். சிறுநீரகம் தப்பிச்சது. ஏ.ஆர். போட்டோம். அன்னைக்கு ராத்திரியே போலீஸ் அவங்க ரூம்ல இருந்த மிச்சப் பொட்டலங்களை எடுத்துட்டுப் போனாங்க. அஞ்சாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "அவன் என்ன சாப்பிட்டான் டாக்டர்?"னு கேட்டாங்க. ஏதோ போதைப் பவுடர்மான்னு சொன்னேன்.

நாலு வாரம் கழிச்சு இன்னொரு பையன். வேற காலேஜ். அதே காய்ச்சல், அதே தாடை, அதே மாதிரி எழுத்தில்லாத கவர். வந்து சேரும்போதே 107 டிகிரி. மறுநாள் மதியம் இறந்துட்டான்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். பேர் தெரிஞ்சிருந்தாலும் நான் கொடுத்த வைத்தியம் மாறியிருக்காது. இதுக்குன்னு மாற்று மருந்து இல்ல, குளிர வைக்கிறதும் அமைதிப்படுத்தறதும்தான். ஆனா அந்தப் பேரையும் அந்தக் கவரோட போட்டோவையும் கையில வச்சுக்கிட்டு காலேஜ் காலேஜா போய்ச் சொல்லியிருப்பேன். பக்கத்து மருத்துவமனை குரூப்கள்ல போட்டிருப்பேன். கேட்டிருப்பாங்களான்னு தெரியாது.

ஒண்ணரை வருஷம் கழிச்சு முதல் வழக்குல சாட்சி சொல்ல எனக்கு சம்மன் வந்தது. என்னோட ஏ.ஆர். நகலைப் பார்த்துச் சொல்லுங்கன்னு அரசு வக்கீல் கட்டைக் கொடுத்தார். அதைத் தேடும்போது இடையில ஆய்வக அறிக்கை இருந்தது. ஒரே பக்கம். மெஃபெட்ரோன். கீழ கையெழுத்து, முத்திரை, தேதி. ஆய்வகம் தாமதமே பண்ணல.

ரெண்டாவது பையன் இறந்த தேதி எனக்கு மறக்காது. அறிக்கையில இருந்த தேதி அதுக்கு ஒன்பது நாள் முன்னாடி.